அந்த நட்டில் உளி வைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வாகனப் பராமரிப்புக் குறிப்புகள் வந்திருந்தன. டயர் காற்று, பேட்டரி தண்ணீர், வைப்பர் ரப்பர் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசிக்கு முந்தின குறிப்பு மட்டும், துருப்பிடித்து இறுகிய பெரிய நட்டுகளின் விளிம்பில் உளி வைத்துச் சுத்தியலால் தட்டினால் சுலபமாகக் கழன்றுவிடும் என்றது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். தக்கலைப் பக்கம் 38 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் குளச்சலிலிருந்து ஒரு மீன் வண்டி வந்தது. பிக்கப். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் ஊளைச் சத்தம், காலை எடுத்தால் அடங்கும். "ஆயில் ஒழுகுதுன்னு சீல் மாத்தினோம் அண்ணாச்சி, பதினஞ்சு நாளாச்சு, அதுக்கப்புறம்தான் இப்படி" என்றார் டிரைவர். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் சுழற்சியைக் கொண்டுவருகிற ஜாயின்ட் ஷாஃப்டை இறக்கிவிட்டு, டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் நடுவே இருக்கிற பல்சக்கரப் பெட்டி) முன்பக்கப் பிளாஞ்சை, அதாவது அந்த ஷாஃப்ட் பூட்டுகிற வட்டத் தகட்டைப் பிடித்து ஆட்டினேன். டக், டக். ஒரு நூல்கூட ஆடக் கூடாத சாமான் அது. நடுவில், பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தின் தண்டோடு பிளாஞ்சைப் பிடித்திருக்கிற பினியன் நட்டைப் பார்த்தால், எலி கரம்பிய தேங்காய் மாதிரி இருந்தது. ஆறு முனையில் நாலு முனை காணோம்.

சீல் மாற்றியது யார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். என் தங்கை மகன். ஃபோன் போட்டு வரச் சொன்னேன். வந்தவன் வாயைத் திறப்பதற்கு முன் கைப்பேசியை நீட்டினான். உங்கள் குறிப்பைப் படம் பிடித்து வைத்திருக்கிறான். "மாமா, பேப்பர்லதான போட்டிருக்கு."

"லேய், பேப்பர்ல போட்டது பேரிங்குக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். ஆனால் அவனை மட்டும் ஏசி என்ன பிரயோஜனம்? பாதிக் குற்றம் அச்சில் இருக்கிறது.

எல்லாப் பெரிய நட்டும் ஒன்றல்ல என்பதைத்தான் அந்தக் குறிப்பு சொல்லாமல் விட்டது. டிராக்டரின் கலப்பை நட்டில் உளி வைத்தால் போவது நட்டு மட்டும். பினியன் நட்டு அப்படி இல்லை. பினியன் தண்டு இரண்டு டேப்பர் பேரிங்குகளில் நிற்கிறது. பல வண்டிகளில் அந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று இருக்கும், ஸ்பேசர் என்போம். நட்டை இறுக்க இறுக்க அந்தக் குழாய் கொஞ்சம் நசுங்கி, பேரிங்குகள் ஒன்றையொன்று நெருங்கி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் மிஞ்சாமல் ஓர் இடத்தில் நிற்கும். புதுக் குழாயை நசுக்க 300 நியூட்டன் மீட்டருக்கு (திருகுகிற பலத்தின் அளவு அது) மேல்கூடக் கேட்கும். ஆனால் அத்தனை பலமும் போட்டு நாம் பிடிக்கப் பார்ப்பது, பினியனைச் சுற்றும்போது கைக்குத் தெரிகிற 2 நியூட்டன் மீட்டர் போல ஒரு சின்ன எதிர்ப்பைத்தான். கூடிவிட்டால் பேரிங் சூடேறிக் கருகும். குறைந்தால் லோடு ஏறும்போது பினியன் நகர்ந்து பல் இடம் மாறி உராயும், ஊளை கேட்கும். கூடிவிட்டதே என்று நட்டைத் திருப்பித் தளர்த்தவும் முடியாது, நசுங்கின குழாய் நிமிராது. புதுக் குழாய்தான் போட வேண்டும். சில வண்டிகளில் குழாய்க்குப் பதில் இடைவெளியைச் சரிசெய்கிற மெல்லிய ஷிம் தகடு இருக்கும், அவற்றில் இவ்வளவு பயம் இல்லை.

என் மருமகன் அடையாளம் எதுவும் போடாமல் உளியால் தட்டிக் கழற்றினான், சீலை மாற்றினான், அதே பழைய நட்டை அதே உளியால் தட்டித் திரும்ப ஏற்றினான். உளி அடியில் 300 எங்கிருந்து வரும்? நிற்கிற மாதிரி நின்றது, அவ்வளவுதான். கழன்று வரக் கூடாதே என்று சுற்றிலும் எட்டு இடத்தில் குத்தி வேறு வைத்திருந்தான். சாக்கெட் ஏற வழியே இல்லை. கடைசியில் நட்டின் பக்கவாட்டில் டிரில் போட்டு, தண்டின் மரையில் படாமல், மீதியை உளியால் பிளந்து எடுத்தேன். ஆமாம், நானும் உளிதான் எடுத்தேன். ஆனால் அது குப்பைக்குப் போகிற நட்டு. அரை நாள் அதோடு போயிற்று. முறையாகக் கழற்றினால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அந்த முறையை நான் படித்தது மார்த்தாண்டத்தில், மேம்பாலம் எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பு, என் ஆசானிடம். சொல்லிக் கொடுத்ததைவிட அவருக்கு நடந்ததைப் பார்த்துப் படித்ததுதான் அதிகம். ஒரு ஜீப்பில் பினியன் நட்டு அசையவில்லை. பிளாஞ்ச் சுற்றாமல் இருக்க வீல் ஸ்பேனரை ஓட்டையில் செருகி என்னைப் பிடிக்கச் சொன்னார். ஸ்பேனரில் பைப் மாட்டித் தன் பக்கத்திலிருந்து தள்ளினார். என் கையிலிருந்து வீல் ஸ்பேனர் பறந்தது, பைப் திரும்பியது, ஆசானுக்கு முன்பல் இரண்டு போயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது: "மக்கா, பைப்பைத் தள்ளாத, இழு. ஆளைப் பிடிக்கச் சொல்லாத, இரும்பைப் பிடிக்கச் சொல்லு."

மறுநாளே பழைய இரும்புக் கடையில் ஒன்றரை மீட்டர் பட்டை இரும்பு வாங்கி, பிளாஞ்சின் இரண்டு ஓட்டைக்குச் சரியாகத் துளை போட்டு, நடுவில் சாக்கெட் நுழைய இடம் வெட்டி வைத்தார். பிளாஞ்சில் அதை போல்ட் போட்டு, மறுமுனையைத் தரையிலோ சேஸிஸிலோ முட்டுக் கொடுத்துவிட்டால் பினியன் எங்கும் போகாது. ஹேண்ட் பிரேக்கை நம்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். பிரேக்கை நம்பினால் நாம் போடுகிற பலம் முழுக்க, பினியன் சுற்றிவிடுகிற பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் பல் வழியாகத்தான் போய் நிற்க வேண்டும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் செய்வதில்லை. நட்டு, தண்டு, பிளாஞ்ச் மூன்றிலும் ஒரே கோட்டில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி. வெளியே தெரிகிற மரை எத்தனை என்று எண்ணி, சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைப்பது. பிறகு, நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் கழுத்தைத் தண்டின் பள்ளத்தில் குத்தி மடித்திருந்தால் அதை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தாமல் இழுத்துவிட்டு நட்டு இறுக்கம் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். உளிக்கு அங்கே வேலை அந்த மடிப்பை நிமிர்த்துவது ஒன்றுதான்.

சாக்கெட் ஆறு முனை உள்ளதாக, கைப்பிடி மாட்டுகிற சதுர ஓட்டை முக்கால் இஞ்ச் உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் விளிம்பைத் தின்றுவிடும். என் எடை 62 கிலோ. ஒன்றரை மீட்டர் பைப்பின் முனையில் முழு எடையையும் தொங்கவிட்டால் 900 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு பலம் எந்தப் பிக்கப்பின் பினியன் நட்டும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாதி எடை போட்டு இழுத்துப் பிடித்தாலே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் இருக்கிற நிம்மதி பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும். துரு அதிகமென்றால் முந்தின நாள் ராத்திரியே டீசல் தடவி விடுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்குவது கடைசி வழி, நட்டுக்குப் பின்னால் விரல் அகலத்தில் ரப்பர் சீல் இருக்கிறது. ஏர் கன் கழற்றுவதற்குச் சரி. இறுக்குவதற்கு எடுத்தால் குழாய் எப்போது நசுங்கி முடிந்தது என்று தெரியாது.

திரும்பப் பூட்டும்போது புது நட்டு. சீல் மட்டும் மாற்றினால் பழைய புள்ளிக்கு வந்து ஒரு மயிரிழை தாண்டி நிறுத்த வேண்டும். பேரிங் மாற்றினால் புதுக் குழாய் போட்டு, கொஞ்சம் இறுக்கு, சுற்றிப் பார், மறுபடி கொஞ்சம் இறுக்கு என்று போக வேண்டியதுதான். அந்த மீன் வண்டிக்கு இரண்டு பேரிங்கும் போயிருந்தது. கிரௌன் பல் தப்பியது வண்டிக்காரரின் அதிர்ஷ்டம். இதை அளக்கிற டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது, மருமகனிடம் இல்லை. அவன் தெரிந்துகொள்ளட்டும் என்று வேறு வழி காட்டினேன். வண்டிக்குள்ளேயே மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு கிடந்தது. கிரௌன் வீலை வெளியே எடுத்து வைத்திருந்தோம். பிளாஞ்சில் நூல் கயிற்றைச் சுற்றி, நுனியில் தராசைக் கொக்கி போட்டு, ஒரே சீராக இழுக்கச் சொன்னேன். நூல் சுற்றின இடத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர். பினியன் சுற்றிக்கொண்டிருக்கும்போது தராசு 4 கிலோ காட்டினால் ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். எந்த வண்டிக்கு எவ்வளவு என்பது அதனதன் மேனுவலில் இருக்கும், பழைய பேரிங்குக்கும் புதுப் பேரிங்குக்கும் கணக்கு வேறு. டிரைவர் பக்கத்தில் நின்று, "நாங்க சாளை நிறுக்கிற சாமான்ல இதெல்லாம் உண்டா" என்று சிரித்தார்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்காரர்களுக்காக. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து மீன் வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பின்னால் வடிந்து நேராக டிஃபரன்ஷியல் மேல்தான் விழுகிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஏறி இறங்குகிற ஜீப்புகளுக்குச் சேறு. வருடத்தில் இரண்டு மழைக்காலம் வேறு. ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்று காற்றுப் போகிற சின்ன மூடி ஒன்று உண்டு. துருவோ சேறோ அதை அடைத்துவிட்டால் சூட்டில் உள்ளே காற்று முட்டி, ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். சீலை மட்டும் எத்தனை தடவை மாற்றினாலும் ஒழுகும். இந்த வண்டியிலும் பிரீதர் அடைத்துத்தான் இருந்தது. முதலிலேயே அதைக் குத்திவிட்டுப் பார்த்திருந்தால் அந்த நட்டைத் தொடவே வேண்டியிருந்திருக்காதோ என்னவோ.

ஆகவே, அடுத்த ஞாயிறு இதழில் ஓர் ஓரத்தில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும்: டிஃபரன்ஷியல் பினியன் நட்டுக்கும் சக்கர பேரிங் நட்டுக்கும் அந்த உளிக் குறிப்பு பொருந்தாது, கழற்றுவதற்கு முன் அடையாளம் போட வேண்டும் என்று. குறிப்பு எழுதியவருக்குச் சந்தேகம் இருந்தால் பட்டறைக்கு வரட்டும், பிளந்த நட்டை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம். தங்கை உங்கள் பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கிறவள்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.