பெங்களூரு ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணன்களுக்கு

வணக்கம் அண்ணே. அல்சூரிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலரிடம் தமிழிலேயே பேரம் பேசி வாங்கியிருக்கிறேன், அந்த உரிமையில் ஒரு குறை சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கிற ஸ்பார்க் ப்ளக்கைக் காருக்கு வேண்டும் என்று கேட்டதுமே பாதிக் கடைகளில் வருகிற முதல் கேள்வி "சாதாவா, இரிடியமா?" என்பதுதான். எந்த எஞ்சின், எந்த வருஷ மாடல், பெட்ரோலா சி.என்.ஜி.யா, ஒன்றும் கேட்பதில்லை. கால் அளவு கேட்காமல் தோலா ரெக்ஸினா என்று மட்டும் கேட்டுச் செருப்பு விற்றால் எப்படி?

இரிடியம் மட்டம் என்று சொல்லவில்லை. சாதா ப்ளக்கின் முனையில் இருக்கிற நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400க்கும் மேலே, அதனால் முனையை மெல்லியதாக வைத்தாலும் சீக்கிரம் தேயாது. ஆனால் என் வண்டிக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வது உலோகம் இல்லை, பழைய ப்ளக்கின் பீங்கானில் அச்சடித்திருக்கிற நம்பர்தான்.

என்.ஜி.கே. கம்பெனியின் பி.கே.ஆர்.6.இ-11 ப்ளக்கையே எடுங்கள். முதல் இரண்டு எழுத்துக்கு 14 மி.மீ. மரை, 16 மி.மீ. ஸ்பானர் என்று அர்த்தம். 'ஆர்' என்றால் உள்ளே ரேடியோ இரைச்சலைக் குறைக்கிற ரெசிஸ்டர் இருக்கிறது. 'இ' என்றால் மரை நீளம் 19 மி.மீ., கடைசி 11 என்றால் கேப், அதாவது பொறி தாவுகிற இடைவெளி, 1.1 மி.மீ. மரை நீளம் கூடினால் பிஸ்டனில் முட்டலாம், குறைந்தாலோ எஞ்சின் ஹெட்டில் மிச்சமிருக்கும் மரையில் கரி ஏறி, அடுத்த தடவை சரியான ப்ளக்கே இறங்க மறுக்கும்.

நடுவில் இருக்கும் 6தான் சூட்டு நம்பர், வம்பும் அங்கேதான். என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் நம்பர் ஏற ஏற ப்ளக் 'கோல்டு', அதாவது முனையின் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும்; பாஷில் நேர் எதிர்! இது தெரியாமல் "அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்ல சார், இதுவும் 6தான், போடுங்க" என்றால் வேறு ப்ளக்கைத்தான் தலையில் கட்டுகிறீர்கள். முனை சுமார் 450 டிகிரியைத் தாண்டினால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரிக்கும். சில்க் போர்டு டிராஃபிக்கில் முதல் கியரிலேயே ஊர்கிற வண்டிக்கு, ரேஸுக்குப் போடுவது என்று பெருமையாகக் கோல்டு ப்ளக்கைக் கொடுத்தால் கரி பிடித்து, பொறி தவறி மிஸ்ஸிங்தான் வரும். ரொம்ப ஹாட்டாகப் போனால் அதைவிட மோசம், பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தீப்பிடித்து எஞ்சினை அடிக்கும்.

இன்னொன்று. ஒரு கடையில் புது இரிடியம் ப்ளக்கைக் கவுண்டர் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டிக் கேப் குறைத்துக் கொடுத்தார்கள், பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. அந்த முனை அரை மி.மீ. பருமன்தான் இருக்கும், ஒரு தட்டில் போய்விடும் அண்ணே.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ப்ளக்கையோ கார் மேனுவலையோ காட்டச் சொல்லி நம்பரைப் பாருங்கள், பில்லில் வெறுமனே 'ப்ளக் 4' என்று கிறுக்காமல் அந்த நம்பரையும் எழுதுங்கள், டூப்ளிகேட்டாக இருந்தால் திரும்பி வந்து கேட்க எனக்கும் ஒரு பிடி வேண்டுமே. அப்புறம், கம்பெனி என் வண்டிக்குச் சொல்லியிருப்பது சாதா நிக்கல் ப்ளக்தான் என்றால் அதையே கொடுங்கள். உங்களுக்கு லாபம் கொஞ்சம் குறையும், ஆனால் ஏர் ஃபில்டருக்கும் ஆயிலுக்கும் உங்கள் கடைக்கே வருவேன்.