சிலாகை மிதிக்கிற கிளச்

கொடிகாமம்,
ஐப்பசி 12.

மச்சான்,

உன்ர கடிதம் வந்தது. மூத்தவளுக்குச் சரிவந்ததில இவளுக்கு என்னைவிடச் சந்தோசம். கலியாணப் படத்தை அனுப்பு, கடதாசியில அடிச்சு அனுப்பு. போனில வாற படங்களை இவள் நாலு தரம் தட்டித் தொலைச்சுப் போடுவாள்.

முழங்காலைக் கேட்டிருந்தாய். ஒப்பரேசன் முடிஞ்சுது, பொல்லோட படலை வரைக்கும் நடக்கிறன். ஒரு வருசத்துக்கு லொறி ஓடக் கூடாது எண்டு டொக்ரர் சொன்னார். எனக்குக் கால் போய் லொறிதான் கண்ணுக்க நிண்டது. வித்துப் போடு எண்டு நீயும் எழுதியிருக்கிறாய். விக்கிறதெண்டால் 2006 ஆவணியில சண்டையால ஏ9 றோட்டு மூடி, லொறி முத்தத்தில நிண்டபோதே வித்திருப்பன். நீ அந்த நேரம்தான் கொழும்புக்குப் போகக் கப்பலேறினாய், ஞாபகமோ? அப்பவே விக்காததை இப்பவும் விக்கேல்லை. மாரிக்கு முதல் ஒழுங்கா நித்திரையாக்கிப் போட்டன்.

ஒழுங்கா எண்டு ஏன் சொல்லுறன் எண்டால், 2022இல நான் செய்த மொக்குத்தனம் உனக்குத் தெரியாது. நாடே டீசலுக்கு வரிசையில நிண்டது. கியூஆர் கோட் காட்டி அளவாக் குடுக்கத் தொடங்கின பிறகும் கிடைச்சது தம்புள்ளைக்கு ஒரு நடைக்குக் காணாது. கால் ராங்க் டீசலோட கொட்டிலுக்க விட்டிட்டன், மாரி முழுக்க. ராங்கில வெறும் இடம் இருந்தால் அங்க ஈரக் காத்து நிக்கும். இரவில தகடு குளிர, காத்தில இருக்கிற ஈரம் வேர்வை மாதிரி உள்சுவரில பூத்து வடியும். டீசலைவிடத் தண்ணி பாரம், அடியில போய்த் தங்கும். அந்தத் தண்ணியும் டீசலும் முட்டுற இடத்தில கிருமி வளருமாம். நானும் சிரிச்சன். பில்டரைக் கழட்டினால் கறுத்தச் சளி, பாசி பிடிச்ச கேணியில கை விட்ட மாதிரி. அந்தத் தண்ணி, எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற பம்பு வரைக்கும் போயிட்டுது. பம்பை இறக்கிச் செய்த காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம், அதுவும் கண்டோட.

இந்த முறை ராங்கைக் கழுத்து முட்ட நிரப்பினன். "நிக்கிற லொறிக்கு ஏன் இவ்வளவு டீசல்?" எண்டு இவள் கேட்டாள். பம்புக் கதையை ஞாபகப்படுத்தினன், பேச்சில்லை. பில்டர் கோப்பைத் தண்ணியை வடிச்சு, புதுப் பில்டர் போட்டாச்சு.

ஒயிலும் மாத்தினன். திரும்ப எடுக்கேக்க மாத்தலாம் தானே எண்டு சந்திக் கராச்சுப் பொடியன் கேட்டான். ஓடின ஒயிலுக்க கரியும் அசிட்டும் கிடக்கும், ஒரு வருசம் பேரிங்கில அது ஊறினால் என்ன மிஞ்சும்? புது ஒயில் விட்டு, எஞ்சின் நல்லாச் சூடாகுமட்டும் முகமாலை வரைக்கும் ஓடிப்போட்டு வந்து நிப்பாட்டினான். நான் பக்கத்துச் சீற்றில. இருவது வருசத்தில முதல் தரம் பக்கத்துச் சீற்றில.

உங்கட கனடாவில கூலன்ற் தண்ணி உறையாமல் இருக்க. எங்களுக்கு வேற கரைச்சல். எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலிலயே வெள்ளைப் படை கட்டும், சுண்ணாம்புக் கல் மண் தானே. அதை விட்டு விட்டுத்தான் போன றேடியேற்றர் அடைச்சது. இப்ப கழுவி, கூலன்ற்றும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் கலந்து விட்டிருக்கு. துருவுக்கும் அது நல்லது. ஆனையிறவில உப்பு ஏத்தின லொறி எண்டபடியால் சேசியை அடியில இருந்து கழுவி, ரண்டு நாள் வெயிலில காய விட்டு, பழைய ஒயில் பூசினன். ரப்பர் புஷ்சுகளில படாமல் துணி சுத்தித்தான்.

பற்றரி ரண்டையும் கழட்டி அறைக்க வைச்சாச்சு, மைனஸை முதல் கழட்டி. மாதம் ஒருக்கா சார்ச் ஏத்த வேணும், வடிஞ்சு போய்க் கிடந்தால் தகட்டில வெள்ளை இறுகிப் பேந்து ஏத்தினாலும் பிடியாது. அச்சுக்குக் கீழ முதிரைக் கட்டை குடுத்து ஆறு ரயரையும் நிலத்தில இருந்து தூக்கியாச்சு. ஹாண்ட் பிறேக் போடேல்லை, மாரி ஈரத்துக்கு லைனிங் ட்றம்மோட ஒட்டிப் போகும். அப்பிடித்தான் கிளச் தட்டும் ஒட்டும். அதுக்கு ஒரு பனஞ்சிலாகையை அளவாத் தறிச்சு, பெடலுக்கும் சீற்றுக்கும் நடுவில முண்டு குடுத்திருக்கு. நான் மிதிக்கேலாத கிளச்சை அது மிதிச்சுக்கொண்டு நிக்குது.

சைலன்சர் வாயையும் காத்து இழுக்கிற வாயையும் துணியால அடைச்சிருக்கு. மறந்துபோய் ஸ்ராட் பண்ணாமல் இருக்க ஸ்ரியறிங்கில ஒரு மட்டை கட்டி, எங்கெங்க அடைச்சது எண்டு எழுதித் தொங்கவிட்டன். படங்கு மூடேல்லை, மூடினால் உள்ளுக்குப் புழுங்கும். தகரக் கொட்டில் காணும். எலிக்குப் பூச்சி உருண்டை போட்டன், அது உருண்டையைத் தள்ளிப்போட்டு வயரைக் கடிக்குது. இப்ப பூனை ஒண்டு சீற்றுக்குக் கீழ குட்டி போட்டிருக்கு. குட்டியள் வளருமட்டும் வயர் தப்பும்.

ஒழுங்கையில போறவன் வாறவன் எல்லாம் ஒரே புத்தி சொல்லுறாங்கள்: "மாதத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுங்கோ அண்ணை." அஞ்சு நிமிசத்தில எஞ்சின் சூடாகாது மச்சான். எரியேக்க வாற தண்ணி ஆவி வெளியால போகாமல் ஒயிலிலயும் சைலன்சரிலயும் தங்கும். ஒண்டில் அரை மணித்தியாலம் ஓட்டத்தில சூடாக்க வேணும், இல்லாட்டித் தொடக் கூடாது. நான் தொடேல்லை. ஆனால் விடிய எழும்பினால் கால் கொட்டில் பக்கம்தான் இழுக்குது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன் எண்டு எழுதியிருக்கிறாய். வா. லொறியைத் திரும்ப எடுக்கிற அண்டைக்குக் கைப்பம்பு அடிச்சு டீசல் குழாயில நிக்கிற காத்தை எடுக்க வேணும், டீசல் விடாமல் எஞ்சினைக் கொஞ்சம் சுத்தி ஒயில் மேல ஏற விட வேணும். எனக்குக் குனிஞ்சு நிக்கேலாது, பொடியன் அவசரக்காரன். பழைய சாரம் ஒண்டு கொண்டு வா, இஞ்ச என்ரதெல்லாம் உனக்குக் கட்டையாத்தான் இருக்கும்.

உன்ர
மச்சான்