ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் பக்கம் பக்கமாக ஃப்ரிட்ஜ் விளம்பரம். எங்கள் வீட்டில் அது கிடையாது. வசதிக்குக் குறைவில்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். உறவினர்கள்தான் "இன்னுமா வாங்கலை?" என்று மாய்ந்துபோகிறார்கள்.

குடிக்க மானாமதுரைப் பானை. ஆற்று மணலைப் பரப்பி நனைத்து, அதன்மேல் பானையை வைத்து ஈரத்துணி சுற்றுகிறோம். மண்ணின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் தொண்டைக்கு அவ்வளவு இதம். எங்கள் பக்கத்து வறண்ட காற்றுக்கு இது அருமையாகக் குளிர்கிறது. சென்னைப் புழுக்கத்தில் இந்த அளவுக்குக் குளிராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே உப்புப் படிந்தால் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டால் சரி.

அப்புறம், மாவை அன்றைய தேவைக்குத்தான் அரைக்கிறோம். மிஞ்சிய சோறு நீராகாரமாகி, காலையில் சின்ன வெங்காயத்தோடு காலியாகிவிடும். இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரிட்ஜ் அவசியம். அவர்களை நான் சொல்லவில்லை.

மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்கிறவர்களுக்கு, கோடை மாதங்களிலாவது உழவர் சந்தைகளில் பானை விற்க வாடகையில்லாமல் இடம் ஒதுக்க வேண்டும்.

- ஒரு வாசகி, சிவகங்கை