தோட்டத்திலேயே கண்ணைப் படம் எடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற என் அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). அது விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். கண்டியில் கையில் மஞ்சள் மருந்து ஏற்றி விழித்திரையைப் படம் எடுத்தார்கள். கறுப்புப் பின்னணியில் இரத்தக் குழாய்கள் வெள்ளையாகக் கிளைவிட்டிருந்தன. கசியும் இடங்கள் புகைபோலப் பரவியிருந்தன. அம்மாவுக்கோ சிறுநீர் மஞ்சளாகப் போனதுதான் பெரிய கவலை!

ஊசியே இல்லாமல், ஒளியைப் பாய்ச்சி, ஓடும் இரத்த அணுக்களை வைத்து நுண்குழாய்களைக் காட்டும் ஓசிடி அஞ்சியோகிராபி (OCT-A) என்ற முறையும் உண்டு. கசிவை அது காட்டாது, ஆனால் அடைப்பு நன்றாகத் தெரியும். சரி, அதெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு. தோட்டத்தில் சீனி பார்க்கிற நாளில் சாதாரண விழித்திரைக் கெமரா ஒன்றாவது வரக்கூடாதா? பார்வை தெளிவாக இருக்கும்போதே குழாய்கள் பழுதாகத் தொடங்கிவிடும். கண்ணில் குறை தெரியாதவர், ஒரு நாள் பேரை (அன்றைய சம்பளத்தை) விட்டுவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறுவாரா? படத்தை மட்டும் கண் வைத்தியருக்கு அனுப்பினால், யார் வரவேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.

தலவாக்கலை வாசகி