ஏரியைச் சுற்றி ஓடியது போதும்

சேலம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோடை மழைக்குக் காப்பித் தோட்டங்கள் பூத்துவிட்டன என்று எழுதியிருக்கிறாய். இங்கே காலை எட்டு மணிக்கே மைதானத்து மண் சுடுகிறது. வீட்டில் அனைவரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் நம் ஹேண்ட்பால் ஆட்டத்துக்கு ஏற்காட்டுப் பிள்ளைகளை நீ அணி சேர்த்திருப்பதைப் படித்து எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால், தினமும் அவர்களை ஏரியைச் சுற்றி ஓடவிடுகிறேன் என்கிறாயே, அதை இனிக் குறைத்துக்கொள். மூச்சுத் திறனுக்கு அது நல்ல அடித்தளம்தான், மறுக்கவில்லை. ஆனால் 40 மீட்டர் களத்தில் யாரும் ஒரே சீராக ஓடுவதில்லை. பாய்கிறார்கள், நிற்கிறார்கள், மறிக்கிறார்கள், மறுபடி பாய்கிறார்கள். பயிற்சியும் அப்படித்தான் இருக்க வேண்டும். 15 விநாடி நல்ல வேகம், 15 விநாடி நடை. இப்படி எட்டு முறை. பிறகு மூன்று நிமிடம் ஓய்வு கொடுத்து இன்னொரு சுற்று. கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தின் வேகத்தில் இல்லையென்றால் விசில் அடித்து நிறுத்திவிடு. பழகியதும் கையில் பந்தைக் கொடு. மூச்சு வாங்கும்போதும் குறி தவறாமல் எறியப் பழகட்டும். உன் ஊர்ச் சரிவுகளையும் பயன்படுத்தலாம். ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது நடை மட்டுமே. சரிவில் ஓடி இறங்குவது முழங்காலுக்கு ஆகாது.

குதிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கோல்காப்பாளர் மட்டுமே நிற்கக்கூடிய பகுதியைச் சுற்றியிருக்கும் 6 மீட்டர் கோட்டுக்கு வெளியே எம்பி, கால் தரையைத் தொடும் முன் பந்தை விட்டுவிட்டால் கோட்டுக்குள் இறங்கலாம். இந்த ஆட்டத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது. அதனால் எல்லோரும் உயரத்தையே துரத்துகிறார்கள். நீ முதலில் இறங்கக் கற்றுக்கொடு. ஒரு சாண் உயரப் பலகையிலிருந்து இரண்டு காலிலும் மெதுவாக, ஓசையில்லாமல் இறங்கட்டும். முழங்கால்கள் உள்பக்கம் சாயக் கூடாது. முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் கிழிவது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நேர்கிறது, பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. ஒரு நல்ல ஆட்டக்காரி பதினான்கு வயதிலேயே ஒதுங்கிவிடுவதைப் பார்க்க மனம் தாங்காது.

இறக்கம் சரியானபின், இறங்கிய வேகத்திலேயே எம்பச் சொல். கால் பதியும்போது நீளும் தசை, உடனே சுருங்கினால் உடலைத் தூக்கிவிடும்; தரையில் தாமதித்தால் அந்த விசை வீணாகிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், இடையில் இரண்டு நாள் கால்களுக்கு ஓய்வு. சிமெண்ட் தரை வேண்டாம். புல்தரையோ மண்தரையோ நல்லது. கடைசியாக மூன்று அடி வைத்து எம்பி எறிவதைச் சேர்த்துக்கொள். வலக்கைப் பிள்ளைகள் இடக்காலில் எம்ப வேண்டும்.

பந்து வாங்கும்போது கவனம்: 14 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு 1ஆம் எண், 12 முதல் 16 வயதுப் பையன்களுக்கு 2ஆம் எண். பெரிய பந்து பிஞ்சுத் தோள்களைக் கெடுத்துவிடும்.

பள்ளி திறப்பதற்குள் அவர்களை அழைத்து வா, எங்கள் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆடட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். ஆகவே முந்தின நாள் மாலையே வந்துவிடுங்கள். படுக்க என் வீட்டு மாடி இருக்கிறது.

உன் நண்பன்