நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்றாயே

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. அன்று வீட்டில் முறுக்கு பிழிகிற களேபரம், மறுநாள் மகன் குடும்பத்தோடு வந்து இறங்கினான், அவர்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, எதைக் கேட்டாலும் காற்றுதான் முதலில் வருகிறது. மொட்டைமாடியைப் பூசிவிட்டோம், இனி ஒழுகவே ஒழுகாது என்று கொத்தனார் சத்தியம் செய்திருக்கிறார், ஐப்பசி மழை முடியட்டும், அப்புறம் நம்புகிறேன். உன் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனையில் மூணு மாசச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 என்று எழுதி, பக்கத்தில் வரிசையாக ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, அங்கிருந்து 6.4 வரைக்கும் பார்டர், 6.5 தொட்டால்தான் சுகர் என்று பெயர். இந்தியா முழுக்க எடுத்த கணக்கு ஒன்று 2023இல் வந்தது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து செய்தது. அதன்படி சுகர் உள்ளவர்கள் 10.1 கோடி, உன்னைப் போல பார்டரில் நிற்பவர்கள் 13.6 கோடி. ஆக, நீ தனியாக நிற்கவில்லை, பெரிய கூட்டத்தோடுதான் நிற்கிறாய். அங்கிருந்து திரும்பி வந்தவர்களும் நிறைய உண்டு.

ஆனால் அதே கடிதத்தில் அடுத்த பத்தியிலேயே, "சீனியை அடியோடு நிறுத்திவிட்டேன், எல்லாவற்றுக்கும் நாட்டுச்சர்க்கரைதான்" என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏண்டி, நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் என்ன வேப்பிலையா? அதிலும் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். சீனி 100 கிராமில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இரும்புச்சத்து இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும், அந்த இரும்புக்காக நீ சாப்பிடவேண்டிய வெல்லத்தை நினைத்துப் பார், அதற்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிவிடலாம். இதில் கருப்பட்டியிலேயே சீனியைக் கலந்து காய்ச்சி விற்பது நம் பக்கம் ஊரறிந்த சங்கதி. கருப்பட்டி எனக்கும் பிடிக்கும், ருசிக்காகச் சாப்பிடு, மருந்து என்று சொல்லிக்கொண்டு சாப்பிடாதே. மருந்து என்று நினைத்துவிட்டால் அளவே மறந்துபோகும், உன் கடிதத்தில் பாயசம் வாரம் தவறாமல் வருகிறதே, அதுதான் சாட்சி.

அடுத்தது, உனக்கு ஆசை இனிப்பின் மேல் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு காபி குடிக்கிறாய், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம், ஆக 32 கிராம் ஒரு லட்டுகூட வாயில் போடாமலே உள்ளே போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்குப்படி, சேர்க்கிற சீனி, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து நாளைக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது. உன் காபியே அந்த இரண்டாவது கோட்டைத் தாண்டிவிட்டது, இதில் நீ மைசூர்பாகை முறைத்துப் பார்த்து என்ன பிரயோசனம்?

நான் காபியில்தான் கைவைத்தேன். ஒரேயடியாக நிறுத்தவில்லை, அப்படி நிறுத்துகிறவர்கள் அடுத்த மாசம் இரண்டு பங்காகப் போட்டுக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அரை அரை ஸ்பூனாகக் குறைத்தேன், நாக்கு பழகிய பிறகுதான் அடுத்த அரை. குறையக் குறைய ஒன்று தெரிந்தது: நாங்கள் இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டிருந்த காபிப்பொடி படுமோசம். சிக்கரி தாராளமாகக் கலந்த பொடி, சீனி அதை மூடி மறைத்திருக்கிறது. இப்போது சிக்கரி இல்லாமல் கண்ணெதிரே அரைத்து வாங்குகிறேன், டிகாக்‌ஷன் முதல் இறக்கல் மட்டும்தான், பாலைத் தண்ணீர் விடாமல் காய்ச்சுகிறேன். பாலிலேயே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு, செல்வி, அது இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. இவர் மட்டும் இன்னும் கடைக்குப் போய் "சீனி கம்மியா ஒரு டீ" என்கிறார். டீ மாஸ்டர் அகராதியில் கம்மி என்றால் ஒன்றரை ஸ்பூன், அதைச் சொன்னால் இவருக்கு முகம் சுருங்குகிறது.

இனி அந்தச் சாயங்கால நாலு மணி. நீ எழுதியிருப்பது அப்படியே என் கதை: மத்தியானம் எல்லாம் ஒழுங்கு, நாலு அடித்தால் கை தானாக டப்பாவைத் தேடும். இதை மனக்கட்டுப்பாடு இல்லாத குறை என்று நீ நினைக்கிறாய், நான் அதை மத்தியானச் சாப்பாட்டின் குறை என்கிறேன். தட்டு நிறையச் சோறு, மேலே ரசம், ஓரத்தில் துணுக்குப் பொரியல் என்று சாப்பிட்டால் சர்க்கரை சரசரவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கும், இறங்கும்போது உடம்பு இனிப்பைக் கேட்கும். நான் இப்போது பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிடுகிறேன், முட்டையோ மீனோ இருந்தால் அதையும், சோறு கடைசியில். இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை அவ்வளவு ஏறுவதில்லை என்று ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டதும் படுக்காமல் வாசலுக்கும் கொல்லைக்குமாகப் பத்து நிமிஷம் நடப்பேன். நாலு மணிக்குச் சுண்டல், தட்டாம்பயறோ கடலையோ, காலையிலேயே அவித்து வைத்துவிடுவது. இது இருந்தும் ஆசை வருகிற நாள் உண்டு, அது பெரும்பாலும் முந்தின ராத்திரி சரியாகத் தூங்காத நாளாக இருக்கும். அன்றைக்கு இனிப்போடு சண்டை போடாமல் அரைமணி நேரம் கண்ணசருகிறேன்.

இதெல்லாம் கோவில்பட்டியில் இருந்துகொண்டு செய்கிறேன் என்பதையும் யோசித்துப்பார். பஜார் பக்கம் போனால் பாகு காய்ச்சுகிற வாடை தெருமுனையிலேயே வந்து பிடிக்கும். எங்கள் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் வேறு அள்ளிப் போகிறார்கள். வறுத்த கடலையைப் பாகில் கிளறி மேடையில் கொட்டி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்டுவார்கள். அந்த ஓரத்துத் துண்டு, கோணலாக வருமே, அதற்கு இருக்கிற ருசி பாக்கெட்டுக்குள் இருக்கிற சதுரத்துக்குக் கிடையாது. நான் அதை விடவில்லை. சனிக்கிழமை சந்தைக்குப் போனால் ஒன்று வாங்கி, நின்று நிதானமாக மென்று தின்றுவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்கு மட்டும் பாக்கெட் வாங்குவதில்லை.

சிறுகுறிஞ்சான் பற்றிக் கேட்டிருந்தாயே, சர்க்கரைக்கொல்லி என்பார்களே அதேதான். பக்கத்துத் தோட்ட வேலியில் கொடி கிடக்கிறது. ஓர் இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வை, மணலை வைத்த மாதிரி நறநறவென்று இருக்கும், இனிப்பு துளிகூடத் தெரியாது. உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். அந்த இலையில் உள்ள பொருள் இனிப்பை உணரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அரைமணி, ஒருமணி நேரத்தில் விலகிவிடும். பேத்திக்கு இதைக் காட்டினேன், அவள் லட்டைக் கடித்துவிட்டு ஒரு முகம் காட்டினாள் பார், வீடே சிரித்தது. வேடிக்கைக்கு நல்லது. இதையே நம்பி ஆசையை அடக்குவது என்றால் காலம் முழுக்க ஆடு மாதிரி இலை மென்றுகொண்டிருக்கவேண்டும். பொடியாக விற்பதை வாங்கித் தினமும் விழுங்குவது வேறு கதை, சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அதிகமாக இறங்கிவிடலாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதே. சீனிக்குப் பதில் போடுகிற செயற்கை இனிப்பு வில்லைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. எடை குறைக்க அதை நம்பாதீர்கள் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நாக்கு அதே தித்திப்பில்தானே நிற்கிறது?

பேரனுக்கு ஆற்றும் சத்துமாவு பானத்தில் மிச்சத்தை நீ குடிப்பதாக எழுதியிருந்தாய். டப்பாவின் பின்பக்கம் திருப்பி, சீனி எவ்வளவு என்று படி. 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளைக் கூப்பிட்டு, அந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையில் வைக்காதீர்கள் என்றது. பேரனுக்கும் அது வேண்டாம் என்பேன், ஆனால் உன் மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

எல்லாவற்றிலும் கஷ்டமானது சொந்தக்காரர்கள்தான். "ஒரு வாய்தானே, எங்க வீட்ல கை நனைக்க மாட்டீங்களா" என்று தட்டை நீட்டும்போது சுகர் கணக்கு பேசினால் அவர்கள் மனசு சுருங்கிவிடும். நான் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பேச்சை அவர்கள் மகள் கல்யாணத்துக்குத் திருப்பிவிடுவேன். அப்புறம் தட்டை யார் பார்க்கிறார்கள்?

மூணு மாசம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார், எண் எதுவானாலும் எழுது. பொங்கல் முடிந்ததும் இங்கே வருவதாகச் சொன்னாயே, அந்தப் பேச்சில் மாற்றம் இல்லையே? வா, ஆனால் காபிக்குச் சீனி கேட்காதே. டப்பா பரணில் இருக்கிறது, ஏறி எடுக்க உன் முட்டி ஒத்துழைக்காது.

அன்புடன்,
மீனா