வால்வுக்கும் கொஞ்சம் இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நாற்பது வருடமாகக் கொழும்பில் பைப் வேலை செய்கிறவன். உங்கள் சுகாதாரப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறேன். இருதயம் என்றால் கொழுப்பு, எண்ணெய், மாரடைப்பு, இவ்வளவுதான் வருகிறது. இருதய வால்வைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை.

என் அக்காவுக்கு 68 வயது. செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே போய் வருவார். போன வருடம், திரும்பி வரும்போது ஜம்பட்டா வீதியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். "வயசு போகுதுதானே" என்றோம். சனல் பண்ணிப் பார்த்த டொக்டரும் அதையே சொல்லி, காஸுக்கு மாத்திரை எழுதினார். மூன்று நிமிடம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் ஓமத் தண்ணீர் தந்தார்கள். பிறகு ஒருநாள் அரிசிப் பையோடு மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தார்.

அடுத்துப் பார்த்த வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்தார், பிறகு கழுத்திலும் வைத்தார், உடனே எக்கோ, அதாவது இருதய ஸ்கேன், எடுக்கச் சொன்னார். எங்கள் தொழிலிலும் அதுதான்: வால்வு பாதி மூடியிருந்தால் தண்ணீர் சீறும், காதே சொல்லிவிடும். இருதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் பெருநாடி வால்வு இறுகியிருந்தது. நல்ல வால்வு 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் திறக்குமாம். ஒன்றுக்குக் கீழே போனால் கடுமை. அக்காவுக்கு 0.7.

லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் போனில் "ஸ்டென்ட் வைக்கச் சொல்லுங்கோ" என்று ஒரே பிடியாக நின்றார். ஸ்டென்ட் வைப்பது இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தால். இது வாசல் கதவு. குழாய் சுத்தமாக இருந்தாலும் கதவு திறக்காது. கதவைத் திறக்க மாத்திரையும் இல்லை, கொழுப்பு மாத்திரையும் இதை நிறுத்தாது. இன்னொன்று: நெஞ்சு வலி என்று அடுத்த வீட்டு ஐயாவிடம் வாங்கி நாக்குக்கடியில் மாத்திரை வைக்காதீர்கள். அது பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். இறுகிய வால்வோடு இருப்பவருக்கு ஆபத்து.

வயது போகப் போக வால்வு இதழில் சுண்ணாம்பு படிவதுதான் பெரும்பாலும் காரணம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலில் வெள்ளையாகப் படியுமே, கொழும்புக்காரருக்கு அது தெரியாது. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலும் வால்வைக் கெடுக்கும். அக்காவுக்கு மூன்றாவது கதை. மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் பிறவியிலேயே இரண்டு. நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இப்படி இருக்குமாம். அவர்களுக்குச் சுண்ணாம்பு முந்திப் படிந்துவிடும். குடும்பத்திலும் ஓடக்கூடியது என்று எனக்கும் அக்காவின் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். எனக்கு மூன்று இதழ், சரி. அக்காவின் இளைய மகளுக்கு இரண்டு. இப்போதைக்கு ஒன்றும் இல்லை, இடைக்கிடை எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு வால்வை மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்து மாற்றலாம்; தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வை உள்ளே விரிக்கும் முறையும் உண்டு. 2002இல் பிரான்ஸில் அலன் கிரிபியே என்ற வைத்தியர் முதலில் செய்தாராம். கொழும்பிலும் செய்கிறார்கள். விலையைக் கேட்டோம், பேசாமல் வீட்டுக்கு வந்தோம். அக்காவின் இரண்டு இதழ் வால்வுக்குச் சத்திரசிகிச்சைதான் நல்லது என்று வைத்தியர்களும் சொன்னார்கள். அரசாங்க வைத்தியசாலையில் முறை வர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அக்காவைப் படி இறங்க விடவில்லை, நற்கருணை வீட்டுக்கே வந்தது. உலோக வால்வு வைத்தால் இரத்தம் உறையாமல் இருக்கச் சாகும்வரை வாஃபரின் மாத்திரை குடித்து, அடிக்கடி இரத்தம் பரிசோதிக்க வேண்டும். மாட்டின் இருதய உறையில் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும். அக்கா மாட்டைத் தேர்ந்தெடுத்தார். இனிப் பல் பிடுங்கப் போனாலும் வால்வு மாற்றியதை முதலில் சொல்ல வேண்டும். கிருமி அதில் போய் ஒட்டிக்கொள்ளுமாம்.

அக்கா மறுபடி செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறார், நான்தான் பின்னால் மூச்சு வாங்குகிறேன். உங்கள் பக்கத்தில் வால்வைப் பற்றி ஒரு வைத்தியரைக் கொண்டு எழுதுவியுங்கள். படம் கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள், இறுகிப்போன பழைய கேட் வால்வு ஒன்று என் பெட்டிக்குள் கிடக்கிறது.

இப்படிக்கு,
பைப் வேலைக்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13